தொட்டுப் பார்க்காத வைத்தியம்: எலும்பு மூட்டு மருத்துவத்தில் தொலைமருத்துவம் எழுப்பும் சட்டக் கேள்விகள்

எலும்பு மூட்டு மருத்துவம் பயிலும் மாணவருக்கு முதலில் கற்றுத்தரப்படும் சோதனை முறை மூன்று சொற்களில் அடங்கிவிடும்: பார், தொடு, அசை. இங்கிலாந்தின் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஆலன் ஆப்ளி (1914–1996) தம் பாடநூலின் வழியாக உலகெங்கும் பரப்பிய இந்த வரிசையில், வீக்கம், கோணல், நிறமாற்றம், நடை ஆகியவற்றைக் கண்ணால் காண்பது முதற்படி. சூடு, வலிக்கும் புள்ளி, நாடித்துடிப்பு, தோலின் உணர்வு ஆகியவற்றைக் கையால் அறிவது இரண்டாம் படி. மூட்டை நோயாளியே அசைத்துக் காட்டுவதும், பின்னர் மருத்துவர் பிடித்து அசைத்துப் பார்ப்பதும் மூன்றாம் படி. மருத்துவரும் நோயாளியும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி தொலைபேசி, காணொளி, குறுஞ்செய்தி ஆகியவற்றின் வழியாக நடத்தும் ஆலோசனையே தொலைமருத்துவம் எனப்படுகிறது. அது முதற்படியைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது, மூன்றாம் படியில் பாதியைத் தக்கவைத்துக்கொள்கிறது, இரண்டாம் படியை முற்றிலும் இழந்துவிடுகிறது. இத்துறையில் தொலைமருத்துவம் எழுப்பும் சட்டச் சிக்கல்களிலும் அறச் சிக்கல்களிலும் பெரும்பாலானவை இந்த ஓர் இழப்பிலிருந்தே கிளைக்கின்றன.

மனநல மருத்துவர் திரைவழி ஆலோசனையில் இழப்பது ஒப்பீட்டளவில் குறைவு. எலும்பு மூட்டு மருத்துவர் இழப்பதோ அவருடைய முதன்மையான கருவியை. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்துநிற்கும் குறுக்கு இணைநார் அறுந்திருக்கிறதா என்பதை, கீழ்க்காலைப் பிடித்து முன்னோக்கி இழுக்கும்போது அது எவ்வளவு நழுவுகிறது என்பதைக் கொண்டே மருத்துவர் கணிக்கிறார். அந்த நழுவலை உணர்வது கையே தவிரக் கண் அன்று. இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டும் உண்டு. முன்கையிலும் கெண்டைக்காலிலும் தசைகள் விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் அமைந்துள்ளன. முறிவினாலோ இறுக்கமான கட்டினாலோ அந்த உறைக்குள் அழுத்தம் ஏறினால், இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை அழியத் தொடங்கும். மணிக்கட்டில் நாடி தட்டிக்கொண்டிருப்பது மட்டும் ஆறுதல் தரும் அடையாளம் ஆகாது, ஏனெனில் இந்நிலையில் நாடி நெடுநேரம் மறையாமல் இருக்கக்கூடும். விரல்களை இன்னொருவர் மெல்ல நீட்டும்போது எழும் தாங்க முடியாத வலியே முதன்மையான எச்சரிக்கை. உறையைக் கீறி அழுத்தத்தை வெளியேற்றுவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரத்தையே பாடநூல்கள் எல்லையாகக் குறிப்பது வழக்கம். ஆந்திரத்தின் புத்தூரில் பெயர்பெற்று, தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை பெயர்ப்பலகையாகப் பரவியுள்ள புத்தூர்க் கட்டு ஆனாலும், பெரிய மருத்துவமனையின் மாவுக்கட்டு ஆனாலும், அளவுக்கு மீறி இறுகினால் விளைவு ஒன்றே. இரவு நேரத்தில் தொலைபேசியில் கேட்கும் "கட்டுப் போட்ட கை ரொம்ப வலிக்குது, டாக்டர்" என்ற ஒரு வரிக்கு வலி மாத்திரையின் பெயரைச் சொல்வதா, உடனே கட்டைப் பிரித்துக்கொண்டு புறப்படச் சொல்வதா என்ற முடிவில் ஒரு கையின் எதிர்காலம் தங்கியிருக்கக்கூடும்.

இதனால் தொலைமருத்துவம் இத்துறைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கிவிடுவதும் சரியன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் 2011 முதல் வளர்ந்த முறை ஒன்றில், அவசரப் பிரிவில் சோதிக்கப்பட்டு எக்ஸ்ரே எடுக்கப்பட்ட நோயாளிகளின் பதிவுகளை மூத்த மருத்துவர் மறுநாள் பார்வையிட்டு, பாதத்தின் சுண்டுவிரல் பக்க எலும்பு முறிவு போன்ற, தானாகவே கூடிவிடும் சிறு முறிவுகளுக்கு மீண்டும் மருத்துவமனைக்கு வரவேண்டியதில்லை என்று தொலைபேசியில் தெரிவிக்க ஏற்பாடு செய்தனர். வடக்கு நார்வேயில், ட்ரோம்சோ நகரின் பல்கலைக்கழக மருத்துவமனை நெடுந்தொலைவிலுள்ள நோர்ட்ரைசா என்னும் ஊரின் மருத்துவ மையத்தோடு காணொளி வழியே இணைந்து நடத்திய, 389 நோயாளிகளைக் கொண்ட ஒப்பீட்டு ஆய்வு 2016-இல் வெளியானது. தேர்ந்தெடுக்கப்பட்ட எலும்பு மூட்டு நோயாளிகளைப் பொறுத்தவரை காணொளி ஆலோசனையின் தரம் நேரடி ஆலோசனைக்குக் குறைந்ததன்று என்பது அதன் முடிவு. இந்த வெற்றிகளைப் பேசும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு செய்தி உண்டு. கிளாஸ்கோவில் நோயாளியை அவசரப் பிரிவில் ஒருவர் முன்பே தொட்டுச் சோதித்திருந்தார். நோர்ட்ரைசாவில் நோயாளியின் அருகே ஒரு செவிலியர் நின்று, திரையில் தெரியும் மருத்துவர் சொன்னபடி செயல்பட்டார். தொலைவிலிருந்த மருத்துவருக்கு இரவல் கை ஒன்று இருந்தது என்பதே இவ்விரு முறைகளுக்கும் பொதுவான அடிப்படை. இந்தியச் சட்டம் அந்த இரவல் கையைப் பற்றி எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன், மருத்துவரைப் பற்றி அது சொல்வதைப் பார்க்க வேண்டும்.

2020-க்கு முன்பு இந்தியாவில் தொலைபேசி வழி மருத்துவத்தைக் குறித்து நீதிமன்றங்களின் தொனி கண்டிப்பானதாகவே இருந்தது. மார்ட்டின் டிசோசா வழக்கில் 2009-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நோயாளியை நேரில் சோதிக்காமல் பொதுவாக மருந்து எழுதலாகாது என்றும், கடும் அவசரநிலை தவிர மற்ற நேரங்களில் தொலைபேசியில் மருந்து சொல்லும் போக்கைத் தவிர்க்க வேண்டும் என்றும் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 2018-இல் மும்பை உயர் நீதிமன்றம், ரத்னகிரியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் இணையருக்கு முன்ஜாமீன் மறுத்தது. அறுவை முடிந்து வீடு திரும்பி மீண்டும் உடல்நலம் குன்றி வந்த பெண்ணுக்கு, மருத்துவர் இல்லாத மருத்துவமனையில் தொலைபேசி வழியாகவே சிகிச்சை சொல்லப்பட்டதும், பின்னர் அப்பெண் இறந்ததும் அவ்வழக்கின் பின்னணி. அந்த வழக்கு எலும்பு மருத்துவத்தைச் சார்ந்ததன்று. எனினும் தொலைபேசியில் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லவும் மருத்துவர்கள் தயங்கும் நிலையை எல்லாத் துறைகளிலும் அது ஏற்படுத்தியது.

இந்தத் தயக்கத்தை நீக்கிய ஆவணம், கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே வெளியானது. அப்போது இந்திய மருத்துவக் கவுன்சிலின் பணிகளைக் கவனித்துவந்த ஆளுநர் குழு, நிதி ஆயோக்குடன் இணைந்து உருவாக்கிய தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், மருத்துவர்களின் தொழில் நடத்தையை வரையறுக்கும் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின் ஐந்தாம் பிற்சேர்க்கையாக அதே ஆண்டு மே மாதம் அரசிதழில் இடம்பெற்றன. பின்னர் தோன்றிய தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய தொழில் நடத்தை விதிகளை அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததால் அம்மாதமே அவற்றை நிறுத்திவைத்தது. பழைய விதிகளே மீண்டும் உயிர்பெற்றன. நாடெங்கும் கோடிக்கணக்கான ஆலோசனைகளைத் தாங்கிநிற்பது, நெருக்கடிக் காலத்தில் விரைந்து இணைக்கப்பட்ட ஒரு பிற்சேர்க்கைதான்.

அந்தப் பிற்சேர்க்கையின் உயிர்நாடி ஒரே விதி: குறிப்பிட்ட நோயாளிக்குத் தொலைவழி ஆலோசனை போதுமா, நேரடிச் சோதனை வேண்டுமா என்பதை மருத்துவரே தம் தொழில்சார் மதிப்பீட்டின்படி முடிவுசெய்ய வேண்டும். எந்தக் கட்டத்திலும் ஆலோசனையை நிறுத்திவிட்டு நேரில் வருமாறு சொல்லும் உரிமை மருத்துவருக்கும், நேரில் பார்க்க விரும்பும் உரிமை நோயாளிக்கும் உண்டு. வர விரும்பும் நோயாளியைத் திரைக்குள்ளேயே நிறுத்திவைப்பது தொழில்நெறி மீறலாகும். அவசரநிலையில் முதலுதவி அறிவுரையும் தக்க இடத்துக்கு அனுப்பும் வழிகாட்டலுமே மருத்துவரின் எல்லை. கருவிகள் வழியே தொலைவிலிருந்து அறுவை செய்வது நெறிமுறைகளின் வரம்புக்குள் சேர்க்கப்படவே இல்லை. இதன்படி, எலும்பு மூட்டு மருத்துவர் திரையில் எடுக்கும் முடிவுகளில் சட்டத்தின் கண்ணில் மிகக் கனமானது, எந்த மருந்து என்பதோ எந்தப் பயிற்சி என்பதோ அன்று. "இது திரையில் முடிகிற காரியமா" என்ற கேள்விக்கு அவர் தரும் விடையே.

மருத்துவக் கவனக்குறைவை இந்திய நீதிமன்றங்கள் அளக்கும் கோல், அதே துறையில் சராசரித் திறனுள்ள வேறொரு மருத்துவர் அதே சூழ்நிலையில் எப்படி நடந்திருப்பார் என்பதாகும். போலம் அளவுகோல் எனப்படும் இந்த ஆங்கிலேயக் கோட்பாட்டை ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் ஏற்ற உச்ச நீதிமன்றம், குற்றவியல் பொறுப்பைச் சுமத்த வெறும் கவனக்குறைவு போதாது, அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. திரைவழி ஆலோசனையில் "அதே சூழ்நிலை" என்பதன் பொருள் என்ன? தொட்டுப் பார்க்க முடியாத நிலையில் ஒரு மருத்துவர் இவ்வளவுதான் கண்டறிய முடியும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் தொட்டுப் பார்க்க வேண்டிய நோயாளியைத் தொடாமலே சிகிச்சை செய்ததுதான் தவறு என்று எதிர்த் தரப்பு அதே உண்மையைத் திருப்பிப் போடவும் முடியும். இரண்டாவது வாதமே வலுவானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் திரையில் தொடர்வதா என்ற தேர்வு நெறிமுறைகளின்படி மருத்துவருடையது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இன்னொரு முடிச்சையும் போட்டுவைத்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்குப் பொதுவாக ஐந்தாண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் "மருத்துவச் செயல்முறை"யை மேற்கொள்ளும்போது அது நேர்ந்தால் இரண்டாண்டு வரை. தொலைபேசியில் சொல்லும் அறிவுரை மருத்துவச் செயல்முறை ஆகுமா, ஆகாதா என்பதற்கு அப்பிரிவில் விளக்கம் இல்லை. அறுவை அரங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சொல்லாட்சி அது என்று ஐயுறுவதற்கு இடமுண்டு.

மருந்து எழுதும் உரிமையில் நெறிமுறைகள் காட்டும் கண்டிப்பு, எலும்பு மருத்துவரை மற்றவர்களைவிட நேரடியாகத் தாக்குகிறது. பாராசிட்டமால் போன்ற பாதுகாப்பான மருந்துகளை எந்த வழியிலும் சொல்லலாம். சிலவற்றை முதல் ஆலோசனையிலேயே சொல்ல வேண்டுமானால் அது காணொளியாக இருக்க வேண்டும். வேறு சிலவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்குத் தொடர் சிகிச்சையாக மட்டுமே எழுதலாம். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றையோ தொலைவழியில் எழுதவே கூடாது. முறிவுக்கும் அறுவைக்கும் பின் எழும் கடும் வலிக்கு எலும்பு மருத்துவர்கள் பரவலாக எழுதிவந்த டிரமடால் 2018 ஏப்ரலில் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. எனவே இடுப்பு மூட்டு அறுவை முடிந்து நூறு மைல் தொலைவிலுள்ள ஊருக்குத் திரும்பிய முதியவர், வலி தாங்காமல் தம் மருத்துவரையே காணொளியில் அழைத்தாலும், அதே மருத்துவர் அதே மருந்தை மீண்டும் எழுத முடியாது. போதை மருந்துப் புழக்கத்தைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் வலியோடு கிடப்பவர் அதற்குக் கொடுக்கும் விலை, நெறிமுறைகளை எழுதியவர்களின் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியை மருந்துக்கடைக்காரர் நிரப்புகிறார் என்பதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் ஆபத்தான வேறு வலி மாத்திரைகள் சீட்டில்லாமல் அங்கே கைமாறுகின்றன என்பதும் ஊரறிந்த செய்தி.

தொடர் சிகிச்சை என்பதற்கு நெறிமுறைகள் தரும் வரையறையும் இத்துறையில் சிக்கலை உண்டாக்குகிறது. முன்பு நேரில் பார்த்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள், அதே நோய்க்காக நடக்கும் ஆலோசனையே தொடர் ஆலோசனை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பொருந்திவரும் இந்த அளவு, முறிவுக்குப் பொருந்துவது அரிது. மாவுக்கட்டுக்குள் எலும்பு இரண்டாம் வாரத்தில் இடம் நழுவலாம், ஆறாம் வாரத்தில் கூடாமல் நிற்கலாம், கட்டு பிரித்தபின் மூட்டு இறுகிப்போகலாம். நோயின் பெயர் மாறாமலே நோய் மாறிக்கொண்டிருக்கிறது. சட்டம் நாள்காட்டியைப் பார்க்கும்போது மருத்துவர் எலும்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது, எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் அந்த எக்ஸ்ரே பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே மருத்துவரை அடைகிறது. சன்னல் வெளிச்சத்திலோ குழல்விளக்கின் முன்னோ படத்தகட்டைப் பிடித்துக் கைப்பேசியில் எடுத்த ஒளிப்படம், அனுப்பும்போது மேலும் சுருக்கப்பட்டு, மெல்லிய விரிசல்களை இழந்து வந்துசேர்கிறது. மணிக்கட்டின் படகுவடிவச் சிற்றெலும்பில் ஏற்படும் முறிவு, தெளிவான மூலப்படத்திலேயே முதல் நாளில் தெரியாமல் போகக்கூடியது. சுருங்கிய ஒளிப்படத்தில் அதைத் தேடுவது வீண்வேலை. இதைவிட அஞ்சத்தக்கது, படத்தின் ஓரத்தில் வலம் இடம் என்பதைக் குறிக்கும் எழுத்து வெட்டுப்பட்டோ, தகடே திருப்பிப் பிடிக்கப்பட்டோ, எந்தக் கால் என்பது தெரியாமல் போவது. மருத்துவமனைகள் பயன்படுத்தும் எண்ணியக் கோப்பு வடிவத்தில் நோயாளியின் பெயர், நாள், பக்கம் ஆகியவை படத்தோடு பிணைந்தே பயணிக்கும். கைப்பேசி ஒளிப்படத்தில் அவை உதிர்ந்துவிடுகின்றன. வழக்கு என்று வந்தால், அந்த உரையாடலும் படமும் மின்னணுச் சான்றாக ஏற்கப்பட, பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் வேண்டும். ஆலோசனையின் பதிவுகளையும், தாம் பார்த்த அறிக்கைகளையும், எழுதிய மருந்துச்சீட்டின் படியையும் பாதுகாக்கும் கடமை மருத்துவருடையது. தெளிவற்ற படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மருத்துவர், "இந்தப் படம் போதாது" என்ற மூன்று சொல் குறிப்பைக்கூட எங்கும் பதியாமல் விட்டால், நீதிமன்றத்தில் அவருடைய மௌனம் ஒப்புதலாகவே படிக்கப்படும்.

ஒப்புதல் என்ற சொல் இங்கே வேறொரு பொருளிலும் முக்கியமானது. நோயாளியே அழைப்பைத் தொடங்கினால் அவர் ஒப்புதல் தந்ததாகவே கொள்ளலாம். மருத்துவரோ நலப்பணியாளரோ பராமரிப்பாளரோ தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடோ, சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றைப் போதுமான அளவு அறிந்துகொண்டு தருவதே உண்மையான ஒப்புதல் என்கிறது. அழைப்புப் பொத்தானை அழுத்தியவர், மருத்துவர் தம்மைத் தொட முடியாததால் எதை இழக்கிறார் என்பதை அறிந்துகொண்டுதான் அழுத்தினார் என்று கொள்வது சட்டத்தின் கற்பனை. முழங்கால் வலிக்குக் காணொளியில் வந்தவரிடம், இணைநார் அறுந்திருப்பதைத் திரையில் உறுதிசெய்ய முடியாது, இந்த அறிவுரை தற்காலிகமானது, இன்னின்ன அறிகுறி தோன்றினால் உடனே நேரில் வரவேண்டும் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும்; அந்த ஒரு நிமிடத்தைக் கட்டாயமாக்கும் வரி நெறிமுறைகளில் இல்லை.

அந்தரங்கம் பற்றிய கேள்வியும் இத்துறையில் வழக்கத்தைவிடக் கூர்மையானது. இடுப்பு, முதுகு, தொடை ஆகியவற்றை ஆடை விலக்கிக் காட்டாமல் சோதிப்பது கடினம். நேரடிச் சோதனையில் திரைச்சீலையும் உடனிருக்கும் செவிலியரும் காக்கும் கண்ணியத்தைக் கைப்பேசிக் கேமரா காப்பதில்லை. முதுகுத்தண்டின் கீழ்முனையில் நரம்புக்கற்றை நசுங்கும் நிலையைச் சந்தேகிக்கும் மருத்துவர், கால்களுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டாக வேண்டும். ஒலிபெருக்கி போட்ட கைப்பேசியைச் சுற்றி மருமகனும் பேரப்பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் கூடத்தில் ஒரு பெண்மணி அதற்கு உண்மையான விடை தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் சொல்லாமல் விட்ட விடை அவசர அறுவையைத் தாமதப்படுத்தி, வாழ்நாள் முழுவதற்குமான ஊனமாக முடியலாம். அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்பது இங்கே நாகரிகம் மட்டும் அன்று, நோயறிதலின் ஒரு பகுதி. சிறார் பெரியவர் ஒருவருடன்தான் ஆலோசனையில் பங்கேற்க வேண்டும், அப்பெரியவரின் அடையாளத்தையும் மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உடல்நலத் தகவல்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 2011-இல் வந்த விதிகள் நுண்ணுணர்வுள்ள தகவல்கள் என்று தனியே வகைப்படுத்தின. 2023-ஆம் ஆண்டின் எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை, ஆனால் பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முதன்மையான கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன. தொழில்நுட்பக் கோளாறாலோ பிறராலோ தகவல் கசிந்ததாகத் தக்க சான்று இருந்தால் மருத்துவர் பொறுப்பாக மாட்டார் என்று நெறிமுறைகள் அவரை விடுவிக்கின்றன. அப்படியானால் பொறுப்பேற்க வேண்டிய செயலி நிறுவனத்தின் பெயரைக்கூட நோயாளி பல வேளைகளில் கவனித்திருப்பதில்லை.

தவறு நேர்ந்தால் நோயாளி எங்கே போவது? 1995-இல் வி.பி.சாந்தா வழக்கின் தீர்ப்பு மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நோயாளி தாம் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் தர வழிசெய்தது. ராமநாதபுரத்தில் இருந்தபடி சென்னை மருத்துவரைக் காணொளியில் கலந்தாலோசித்தவர் ராமநாதபுரத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தொலைமருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமைவது அரிது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாக அளிக்கப்படும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று அதே சாந்தா தீர்ப்பு சொல்கிறது. நாட்டின் மிகப் பெரிய தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி, மொகாலியில் உள்ள சிடாக் நிறுவனம் உருவாக்கி மத்திய சுகாதார அமைச்சகம் நடத்துவது, 2023 பிப்ரவரியிலேயே பத்துக் கோடி ஆலோசனைகளைக் கடந்தது, முற்றிலும் இலவசம். எனவே அதன் பயனாளிக்கு எஞ்சியிருப்பவை உரிமையியல் வழக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகாரும்தான். அரசு மருத்துவமனை ஊழியர்களின் கவனக்குறைவுக்கு அரசு ஈடுசெய்ய வேண்டும் என்று அச்சுதராவ் கோட்வா வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பது உண்மையே. எனினும் உரிமையியல் நீதிமன்றத்தின் படிகளைப் பல ஆண்டுகள் ஏறி இறங்கும் வலு, இலவச ஆலோசனையை நாடும் குடும்பங்களுக்கு இருப்பதில்லை. கட்டணம் செலுத்தியவருக்கு எளிய நீதிமன்றமும் செலுத்த இயலாதவருக்குக் கடினமான நீதிமன்றமும் வாய்த்திருக்கின்றன.

வணிகம் நுழையும் இடத்தில் அறச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. முழங்கால் தேய்மானம் பரவலான நோய். மூட்டு மாற்று அறுவை செலவு மிக்க சிகிச்சை. "இலவசக் காணொளி ஆலோசனை" என்ற விளம்பரம் இவ்விரண்டுக்கும் இடையே எளிதாகப் பாலம் போடுகிறது. விளம்பரத்தாலும் ஆசைகாட்டலாலும் நோயாளிகளைத் தொலைமருத்துவத்துக்கு ஈர்ப்பதை நெறிமுறைகள் தொழில்நெறி மீறல் என்றே வகைப்படுத்துகின்றன. ஆனால் மருத்துவக் கவுன்சிலின் அதிகாரம் மருத்துவர் மேல் செல்லுமே தவிர, விளம்பரம் தரும் நிறுவனத்தின் மேல் நேரடியாகச் செல்லாது. நெறிமுறைகளை மீறும் தளங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, மருத்துவர்கள் அவற்றைப் பயன்படுத்தாதபடி தடுப்பதே அதன் உச்ச ஆயுதம். செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்குத் துணைநிற்கலாம் என்றும் நெறிமுறைகள் சொல்கின்றன. எக்ஸ்ரேயில் முறிவைச் சுட்டிக்காட்டும் மென்பொருள்கள் புழக்கத்துக்கு வந்துவிட்ட நிலையில், மென்பொருள் தவறவிட்டதை மருத்துவரும் தவறவிட்டால், பொறுப்பு முழுவதும் மருத்துவர் மேலேயே விழுகிறது.

கடல் கடந்த நோயாளியின் நிலை தெளிவானது, ஆனால் தெளிவாக அறியப்படாதது. பதிவுபெற்ற மருத்துவர் இந்தியாவின் எந்த மாநிலத்தில் உள்ள நோயாளிக்கும் ஆலோசனை தரலாம். நாட்டுக்கு வெளியே உள்ளவருக்குத் தருவதை இந்த நெறிமுறைகள் தம் வரம்பிலிருந்தே விலக்கியுள்ளன. வளைகுடா நாடுகளில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளி, விழுந்து அடிபட்டபின் தம் ஊர் மருத்துவருக்குப் படம் அனுப்பிக் கருத்துக் கேட்பது இயல்பான செயல். அவருக்கு மருத்துவர் கருத்துச் சொன்னால், நெறிமுறைகளின் காப்பு இல்லாமலும், அந்த நாட்டின் உரிமம் இல்லாமலும் சொல்கிறார்.

இனி, இரவல் கை. நெறிமுறைகள் செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரை நலப்பணியாளர் என்ற சொல்லுக்குள் அடக்கி, அவர்கள் நோயாளியுடன் இருந்து மருத்துவரைத் தொடர்புகொள்வதை அனுமதிக்கின்றன. இ-சஞ்சீவனியின் ஒரு பிரிவே நலவாழ்வு மையங்களில் உள்ள பணியாளர் வழியாக நோயாளியை மருத்துவரிடம் இணைப்பதற்கென்று அமைந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்கிறார்கள். மூட்டை அசைத்துப் பார்க்கவும், தசையின் வலுவை அளக்கவும், நடையைத் திருத்தவும் பயிற்சி பெற்ற அவர்களைவிடப் பொருத்தமான கை தொலைவிலுள்ள எலும்பு மருத்துவருக்குக் கிடைக்காது. ஆயினும் இயன்முறை மருத்துவர் தாமே திரைவழியாகப் பயிற்சி கற்பித்தால், பதிவுபெற்ற மருத்துவர்களுக்கென்றே எழுதப்பட்ட இந்த நெறிமுறைகள் அவருக்குப் பொருந்தா. அவருடைய தொழிலை ஒழுங்குபடுத்த 2021-இல் தனிச் சட்டம் வந்திருந்தாலும், திரைவழிப் பணிக்கு மருத்துவர்களுக்கு உள்ளது போன்ற விரிவான வரையறை அவருக்கு வாய்க்கவில்லை. அவர் மருத்துவரின் கையாகச் செயல்பட்டு முழங்காலை இழுத்துப் பார்த்து, நழுவல் இல்லை என்று சொல்லி, அந்தச் சொல் தவறாக இருந்தால், பொறுப்பு சொன்னவருடையதா, நம்பியவருடையதா, இருவரையும் இணைத்த அமைப்பினுடையதா என்ற கேள்விக்கும் பிற்சேர்க்கையில் விடை இல்லை. நோயாளியை யார் தொட்டார், எந்தச் சோதனையைச் செய்தார், என்ன உணர்ந்தார் என்பதை அவருடைய பெயரோடு பதிய, நெறிமுறைகள் தரும் மாதிரி மருந்துச்சீட்டில் ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை.